பணி முடிந்த ஊர்தி

மனிதன் செய்த ஊர்திகளுள் மிகச் சிலவற்றுக்கே நாம் மனமுவந்து வழிவிடுகிறோம். கோயில் தேர் வரும்போது ஒதுங்குகிறோம், அது பக்தி. ஆள்வோரின் வண்டி வரும்போது ஒதுக்கப்படுகிறோம், அது கட்டாயம். ஆம்புலன்ஸ் வரும்போது ஒதுங்குவது இவ்விரண்டிலும் சேராது. உள்ளே கிடப்பவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவருடைய மொழியும் ஊரும் குலமும் தெரியா. ஓர் உயிர் போராடுகிறது என்பது ஒன்றே தெரியும். அந்த ஒன்றுக்காக நெரிசல் மிகுந்த தெருவும் பிளந்து வழி தருகிறது. வழிவிடாதவரும் உளர். அவரைக் கண்டு சுற்றி நிற்பவர் அனைவரும் முகம் சுளிக்கிறார்களே, அதுவே இந்த வழிவிடுதல் ஓர் அறம் என்பதற்குச் சான்று.

இத்தகைய ஊர்திக்கும் ஒருநாள் பணி முடிந்துவிடுகிறது. இயந்திரம் தேய்கிறது; விதிகள் மாறுகின்றன; புதிய வண்டி வருகிறது. பழையது ஏலத்துக்குப் போகிறது. ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இவ்வாறு ஓய்வு பெற்ற ஆம்புலன்சுகளை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் அமைத்து, சாலையில்லா மலைக்கும் மணல்வெளிக்கும் ஓட்டிச் செல்லும் வழக்கம் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. கேம்பர் என்று அவர்கள் சொல்லும் வீட்டு வண்டியாக ஆம்புலன்ஸ் மறுபிறவி எடுக்கிறது.

கேட்பதற்கு இது ஒரு பொழுதுபோக்குச் செய்தி போலத் தோன்றும். ஆயின் சற்று நின்று எண்ணினால் இதனுள் ஓர் அறவினா இருப்பதைக் காணலாம். பிறர் உயிர் காக்கச் செய்த பொருளை ஒருவர் தம் இன்பத்துக்கென மாற்றிக்கொள்வது தகுமா? பொருள் செய்த தொண்டு அப்பொருளிலேயே தங்குகிறதா, அன்றிப் பணி முடிந்த நாளோடு நீங்கிவிடுகிறதா? தங்குமாயின் அதற்கு நாம் செலுத்த வேண்டிய கடன் என்ன?

ஓர் ஊர்தியின் நான்கு பிறவிகள்

பொதுப்படப் பேசுவதினும் ஓர் ஊர்தியின் வரலாற்றைப் பற்றிக்கொண்டு செல்வது நன்று. ஜெர்மனியில் பிறந்த யூனிமாக் என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம்.

1945-இல் இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அந்நாட்டின் நகரங்கள் இடிந்து கிடந்தன. மக்களுக்கு உணவு அரிதாயிற்று. டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தில் விமான இயந்திரங்களை வடிவமைக்கும் பணிக்குத் தலைமை தாங்கியிருந்த ஆல்பர்ட் பிரீட்ரிக் என்னும் பொறியாளர், உழவுக்கு உதவும் ஊர்தி ஒன்றை வரையத் தொடங்கினார். 1946-இல் முதல் மாதிரி ஓடியது. 1948-இல் கோப்பிங்கன் நகரத்துத் தொழிலகம் ஒன்றில் உற்பத்தி தொடங்கிற்று. 1951-இல் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனமே அதனை ஏற்றுக் காகெனாவ் ஆலையில் செய்யலாயிற்று. முதல் வண்டியின் இருபுறச் சக்கரங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 1,270 மில்லிமீட்டர். அது இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளின் அகலம்! தொடக்கக் காலத்தில் அதன் முகப்பில் பொறித்த சின்னமோ மாட்டுத் தலை. உழவனின் எருதாகவே அது எண்ணப்பட்டது.

சேற்று வயலில் ஓட வேண்டிய வண்டியாதலால் நான்கு சக்கரங்களும் இழுக்கும்படி செய்தனர். சக்கரத்தின் நடுவுக்கு நேராக அச்சு ஓடினால் வரப்பிலும் கல்லிலும் இடிக்கும். ஆகவே அச்சைச் சற்று உயர்த்தி, சக்கரத்தருகே பற்சக்கரங்களைக் கொண்டு விசையைக் கீழே இறக்கினர். பயிருக்காகச் செய்த இவ்வமைப்பு படைக்கும் பயன்பட்டது. 1955 முதல் யூனிமாக் 404 என்னும் படை வண்டி வெளிவந்தது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டில் 60,000-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. அவற்றுள் சிலவற்றின் மீது பெட்டி போன்ற கூடு ஏற்றிக் காயமுற்றோரைப் படுக்க வைத்துக் கொண்டுசெல்லும் ஆம்புலன்சுகளாக்கினர். பின்னர் 1970-களில் உருவான யூ 1300 எல் என்னும் டீசல் வண்டியும் அதே பணியை மேற்கொண்டது.

பல்லாண்டுப் பணிக்குப் பின் அவை அரசின் உபரிப் பொருள்களாக ஏலத்தில் விற்கப்பட்டன. வாங்கியவருள் ஒரு சாரார் அவற்றை வீடாக்கினர். உழவு வண்டி, படை வண்டி, உயிர் காக்கும் வண்டி, வீட்டு வண்டி என நான்கு பிறவிகள்.

இவ்வரலாறு நமக்கு முதலில் உணர்த்துவது ஒன்றுண்டு. பொருளின் பயன் அதன் பிறப்போடு எழுதி வைக்கப்பட்டதன்று. உருளைக்கிழங்குக்காக உயர்ந்த அச்சுதான் காயமுற்றவனைக் கரடுமுரடான நிலத்திலிருந்து மீட்டுக் கொணர்ந்தது. அதே அச்சுதான் இன்று விடுமுறைப் பயணியை ஆற்றுப்படுகையில் ஏற்றி இறக்குகிறது. அச்சு மாறவில்லை. அதனிடம் மனிதர் வேண்டியதுதான் மாறியது.

எந்த உறுப்பு ஆம்புலன்ஸ்?

மாற்றும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முதலில் படுக்கைச் சட்டங்களைக் கழற்றுகிறார்கள். பிராணவாயு உருளைகளைப் பிணைத்த பட்டைகளை நீக்குகிறார்கள். தரையைப் பெயர்த்துத் துருவைச் சுரண்டுகிறார்கள். சுவரில் வெப்பமும் குளிரும் புகாத பொருளை அடைக்கிறார்கள். பிறகு ஒரு கட்டில், மடக்கும் மேசை, இரு இருக்கைகள், அடுப்பு, நீர்த்தொட்டி, அலமாரி. ஜெர்மனியில் ஒரு வண்டியை வீட்டு வண்டியெனப் பதிவு செய்ய, படுக்க இடம், அமர்ந்து உண்ண இடம், சமைக்க வசதி, பொருள் வைக்க அறை ஆகியவை அதில் நிலையாக அமைந்திருத்தல் வேண்டும். ஒரு வீட்டுக்கு எவை இன்றியமையாதன என்று கேட்டால் நம் பாட்டியரும் இந்த நான்கைத்தான் சொல்லியிருப்பர்.

நோயாளிக்கெனச் செய்த வசதிகளே பயணிக்கும் வசதிகளாகின்றன என்பது இங்கே எண்ணத்தக்கது. மருத்துவ உதவியாளர் நின்று பணி செய்யும் பொருட்டு உயர்த்திய கூரை. படுக்கையைத் தடையின்றி ஏற்றும் பொருட்டு அகன்ற பின்கதவு. கருவிகள் இயங்கும் பொருட்டு வலுவான மின்னமைப்பு. அமெரிக்க ஆம்புலன்சுகள் பலவற்றில் அலுமினியப் பெட்டி ஒன்று தனியாகச் செய்யப்பட்டு வண்டிச் சட்டத்தின் மீது பொருத்தப்படுகிறது. கீழிருக்கும் வண்டி தேய்ந்துவிட்டால், அதே பெட்டியைக் கழற்றிப் புதிய வண்டியின் மீது ஏற்றி மீண்டும் பணிக்கு அனுப்புவதும் உண்டு.

அப்படியானால் எது ஆம்புலன்ஸ்? கீழிருக்கும் வண்டியா, மேலிருக்கும் பெட்டியா? கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் நடந்த உரையாடலாக வழங்கும் நூலில் இதையொத்த வினா வருகிறது. மன்னன் ஏறி வந்த தேரைக் காட்டித் துறவி வினவுகிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று. எந்த ஓர் உறுப்பும் தேரன்று என்பது மன்னனுக்கே விளங்குகிறது. உறுப்புகள் கூடியவழி வழங்கும் பெயரே தேர்.

நாம் இன்னும் ஓர் அடி செல்லலாம். ஆம்புலன்சின் உறுப்புகள் அனைத்தும் கூடியிருந்தும் அது ஆம்புலன்ஸ் ஆகாமல் நிற்கக்கூடும். அழைத்தால் எடுப்பவர் இல்லை, ஓட்டுநர் இல்லை, கொண்டு சேர்த்தால் ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனை இல்லை, அப்போது அது வெறும் பெட்டி. ஆம்புலன்ஸ் என்பது ஒரு வாக்குறுதியின் பெயர். “நீ விழுந்தால் நான் வருவேன்” என்று ஒரு சமுதாயம் தன் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சொல்லும் சொல் அது. இரும்பும் அலுமினியமும் அச்சொல்லைச் சில காலம் சுமந்தன. வாக்குறுதி வேறு வண்டிக்கு மாற்றப்பட்ட பிறகு எஞ்சுவது ஊர்தி ஒன்றே. அதனை வீடாக்குவதால் வாக்குறுதி வீடாவதில்லை.

தீட்டு என்னும் தடை

இந்த இடத்தில் நம்மவருள் பலருக்கு ஒரு தயக்கம் எழும். எத்தனையோ உயிர் பிரிந்த வண்டியில் கட்டில் போட்டு உறங்குவதா? குழந்தைகளை அதில் படுக்க வைப்பதா? இதனை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அத்தயக்கத்தின் அடியில் ஒரு நல்லுணர்வும் இருக்கிறது. பிறர் துன்புற்ற இடத்தில் நாம் கூசாமல் களிக்கலாமா என்னும் கூச்சம் அது. அக்கூச்சத்தை மதித்தே விடை காண வேண்டும்.

தமிழகத்தை விட்டு வந்து வாழும் நமக்கு அவ்விடை தெரிந்ததுதான். தில்லியின் அரசுக் குடியிருப்புகளிலும் மும்பையின் சால்களிலும் இரயில்வே காலனிகளிலும் நாம் குடியேறிய வீடுகள் எவருக்காகவும் புதிதாகக் கட்டியவை அல்ல. நமக்கு முன் இருந்தவர் அடித்த ஆணியில் நம் காலண்டர் தொங்கிற்று. அவர்களுடைய குழந்தைகள் கிறுக்கிய சுவருக்கு நாம் சுண்ணாம்பு அடித்தோம். அவ்வீட்டில் யார் பிறந்தார், யார் இறந்தார் என்று கேட்டறிந்து குடிபுகுந்தவர் எத்தனை பேர்? பால் காய்ச்சினோம், விளக்கேற்றினோம், வாழத் தொடங்கினோம். துன்பம் நிகழ்ந்த இடத்தில் வாழ்வதே தவறாயின் உலகில் வாழத்தக்க இடம் ஒன்றும் இராது.

மேலும், ஆம்புலன்சில் உயிர் பிரிந்ததை மட்டும் எண்ணுவது நேர்மையாகாது. உயிர் மீண்டதும் அங்கேதான். மருத்துவமனை சேருமுன் வண்டியிலேயே பிறந்த குழந்தைகளும் உண்டு. சாவைக் கண்ட இடம் என்பதைக் காட்டிலும் சாவோடு போராடிய இடம் என்பதே பொருந்தும்.

ஆகவே தூய்மை செய்ய வேண்டியது தேவைதான். ஆனால் அது கிருமிநாசினியும் துடைப்பமும் செய்யும் தூய்மை. ஊறிய தரைப்பலகையை எறிந்துவிட்டுப் புதுப்பலகை இடுவதோடு அது முடிகிறது. உண்மையான தீட்டு வேறொன்று உண்டு. அதனை அடுத்துக் காண்போம்.

குறியை அழித்தல்

1859-ஆம் ஆண்டு சூன் 24 அன்று வட இத்தாலியிலுள்ள சோல்பெரினோவில் பெரும்போர் நடந்தது. அதன் பின்விளைவை நேரில் கண்ட ஆன்றி துனான் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர், காயமுற்றோர் கவனிப்பாரற்றுக் கிடந்த நிலையை ஒரு நூலாக எழுதி 1862-இல் வெளியிட்டார். அதன் பயனாக 1864-இல் முதல் ஜெனீவா ஒப்பந்தம் உருவாயிற்று. வெள்ளை நிலத்தில் செஞ்சிலுவை என்னும் குறி அப்போது ஏற்கப்பட்டது. அக்குறி தாங்கிய ஊர்தியைத் தாக்கலாகாது. அதற்கு மறுதலையாக, அக்குறியைத் தாங்கிக்கொண்டு படைக்கலம் ஏற்றிச் செல்வதும் ஆகாது. இருதரப்பும் மதித்தால்தான் குறிக்கு உயிர்.

படை ஆம்புலன்ஸ் ஏலத்துக்கு வந்தபின் அதன் மேலுள்ள செஞ்சிலுவையை அழித்துவிட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். சுழலும் நீல விளக்கையும் ஒலிப்பானையும் நீக்க வேண்டும். அமெரிக்க ஆம்புலன்சுகளில் நீல நிற ஆறு கதிர் விண்மீன் காணப்படும். செஞ்சிலுவையைப் பிறர் பயன்படுத்தலாகாது என்பதனால் 1970-களில் அந்நாட்டில் தனியே உருவாக்கிய குறி அது. அதுவும் அகற்றப்பட வேண்டியதே. நம் நாட்டிலும் 1960-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் செஞ்சிலுவைக் குறியை உரிமையின்றிப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது.

வண்டியை வாங்கியவர் இதனை வெறும் சட்டத் தொல்லை என எண்ணக்கூடும். “என் பணத்துக்கு வாங்கிய வண்டி, பழைய அழகோடு வைத்துக்கொண்டால் யாருக்கு நட்டம்?” என்று கேட்கக்கூடும். நட்டம் உண்டு. ஏலத்தில் அவர் வாங்கியது இரும்பை மட்டுமே. அவ்வண்டிக்கு மக்கள் இத்தனை நாள் விட்ட வழி விற்பனைக்கு வந்த பொருளன்று. அது மக்கள் உண்மையான நோயாளிக்கு இட்ட நம்பிக்கை. விளையாட்டுக்காக ஒருமுறை அந்த ஒலிப்பானை முழக்கி நெரிசலைக் கடந்தவர், அடுத்த ஆம்புலன்சுக்கு வழிவிட நினைப்பவர் நெஞ்சில் ஐயத்தை விதைக்கிறார். அந்த ஐயம் சில நொடிகளே நீடிக்கலாம். நோயாளியின் கணக்கில் நொடிகள் சிறியன அல்ல.

முன்னே சொன்ன உண்மையான தீட்டு இதுவே. உயிர் பிரிந்த தரையில் உறங்குவது தீட்டன்று. உயிர் காக்கும் குறியை உயிர் காவாத வண்டியில் ஏந்தித் திரிவதே தீட்டு. வண்டியைச் சந்தன நிறமோ பச்சை நிறமோ பூசிச் சிலுவையை மறைப்பவர் தொண்டை மறைக்கவில்லை. அத்தொண்டு இனி எவருக்கு உரியதோ அவரிடம் அதனைத் திருப்பித் தருகிறார்.

பாரியின் தேர்

ஊர்தியின் பயனை மாற்றுவது பற்றித் தமிழர் பேசத் தொடங்கினால் பறம்பு மலைத் தலைவன் பாரியை நினையாமல் இருக்க இயலாது. பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டுச் சென்றவன் அவன். மன்னனின் ஊர்தி ஒரு கொடியின் பந்தலாயிற்று. இதுவும் ஒரு மாற்றமே. ஆயின் போன திசையைப் பாருங்கள். பாரியிடத்தில் தனக்கு உரியது பிறர்க்கு உரியதாயிற்று. வீட்டு வண்டியிலோ பிறர்க்கு உரியது தனக்கு உரியதாகிறது. முன்னதைப் போற்றும் நாம் பின்னதை எவ்வாறு ஒப்புவது?

அதனினும் கூரிய வினா ஒன்றும் உண்டு. ஆம்புலன்சே இல்லாத ஊர்கள் உலகில் எத்தனையோ இருக்க, ஓடும் நிலையிலுள்ள வண்டியை இன்பப் பயணத்துக்கு எடுத்துக்கொள்வது முறையா? நம் நாட்டிலேயே 108 என்னும் அவசர ஊர்திச் சேவை ஐதராபாத்தில் 2005-இலும் தமிழ்நாட்டில் 2008-இலும்தான் தொடங்கிற்று. அதற்கு முன் மாட்டுவண்டியிலும் கட்டிலிலும் நோயாளியைத் தூக்கிச் சென்றதை நம் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள்.

இவ்வினாவுக்கு நேரிய விடை வேண்டும். ஒரு வண்டி இன்னும் உயிர் காக்க வல்லதாயின் அதன் மீது முதல் உரிமை உயிருக்கே. 2022-இல் உக்ரைனில் போர் மூண்டபோது ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்து பழைய ஆம்புலன்சுகள் அங்கே அனுப்பப்பட்டன. அவை விடுமுறை வண்டிகளாகாமல் மீண்டும் பணிக்குச் சென்றது நன்று என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

ஆனால் எல்லாப் பழைய வண்டியும் அவ்வாறு வல்லதாக இருப்பதில்லை. ஆம்புலன்சை ஏன் ஓடும்போதே ஓய்வு கொடுத்து அனுப்புகிறார்கள்? நோயாளிக்கு வேண்டிய உறுதி வேறு. பயணிக்கு வேண்டிய உறுதி வேறு. மலைப்பாதையில் வீட்டு வண்டி நின்றுவிட்டால் பயணி இழப்பது ஓர் இரவு. ஆம்புலன்ஸ் நின்றுவிட்டால் நோயாளி இழப்பது உயிர். “இனி இதனை நம்பி ஓர் உயிரை ஏற்றுதல் ஆகாது” என்று உரிய காலத்தில் முடிவு செய்வதும் அறமே. உதிரி உறுப்பும் கிடைக்காத, பழுது பார்ப்பாரும் இல்லாத ஊருக்கு அத்தகைய வண்டியைத் தானமென்று தள்ளிவிடுவது, கொடுத்தவருக்குப் புகழும் பெற்றவருக்குச் சுமையும் தரும். பாரி ஈந்தது ஓடி ஓய்ந்த தேரன்று. ஏறி வந்த தேர். தனக்குப் பயன்படும்போதே ஈந்தான் என்பதனால்தான் அது கொடை. நமக்கு உதவாததை ஒழித்துவிட்டு அதற்குக் கொடையென்று பெயரிடுவதினும், அதனைத் துருப்பிடிக்க விடாமல் உழைத்துச் செப்பனிட்டு ஒரு குடும்பம் உறங்கும் இடமாக்குவது நேர்மையான செயல்.

மனிதர் ஊர்தியல்லர்

இதுவரை ஊர்தியைப் பற்றிப் பேசினோம். ஆனால் ‘ஓய்வு’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நெஞ்சு ஊர்தியிடத்தே நிற்பதில்லை. ஊரை விட்டு வந்து, தட்டச்சு இயந்திரத்தின் முன்னும் கணக்கேட்டின் முன்னும் தொழிற்சாலைப் பொறிகளின் முன்னும் முப்பது, நாற்பது ஆண்டு உழைத்து ஓய்ந்தவர் நம் குடும்பங்களில் ஒவ்வொரு வீட்டிலும் உளர். பணி முடிந்த மறுநாள் காலை அவர்களுக்கு எழும் வினாவும் இதுவே: இனி நான் யார்?

இங்கே ஊர்திக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. ஊர்தியின் இரண்டாம் பயனை முடிவு செய்பவர் அதனை வாங்கியவர். அது தவறன்று, ஊர்திக்கு விருப்பமில்லை. மனிதரின் இரண்டாம் வாழ்வை முடிவு செய்ய வேண்டியவர் அவரே. ஆனால் நடப்பது என்ன? ஓய்வு பெற்ற தந்தையைக் கேளாமலே அவரைப் பேரனின் பள்ளிக்குத் துணையாகவும், மின்கட்டண வரிசைக்கு ஆளாகவும், நாம் வெளியூர் செல்லும்போது வீட்டுக்குக் காவலாகவும் மாற்றிக்கொள்கிறோம். தாய்க்கு ஓய்வே அறிவிக்கப்படுவதில்லை. அன்பினால் அவர்கள் செய்வது வேறு. வேறு பயனில்லை என்று கருதி நாம் அவர்களைப் பொருத்தி வைப்பது வேறு. பின்னது, மனிதரை ஏலத்தில் எடுத்த வண்டியாகக் கருதுவதாகும்.

யூனிமாக்கை வீடாக்குவோர் அறிந்த தொழில்நுட்பம் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. அவ்வண்டியின் சட்டம் மேடு பள்ளங்களில் முறுகும்படியே செய்யப்பட்டது. மேலிருக்கும் பெட்டியை நான்கு மூலையிலும் இறுக்கிப் பூட்டிவிட்டால் சட்டம் முறுகும்போது பெட்டி பிளந்துவிடும். ஆகவே சில இடங்களில் இறுக்கமாகவும் சில இடங்களில் அசைவுக்கு இடம் விட்டும் பொருத்துகிறார்கள். அசைய இடம் விட்ட வீடே கரடுமுரடான வழியில் நிலைக்கிறது. இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. பிள்ளைகள் வேறு மொழியில் விளையாடுவர். முதியோர் ஊர் நினைவில் இருப்பர். எல்லோரையும் ஒரே ஆணியில் அறைந்தால் வீடு பிளக்கும்.

நடக்கும் மருத்துவமனை

ஆம்புலன்ஸ் என்னும் சொல்லின் வேரைத் தேடினால் நடத்தல் என்னும் பொருள் தரும் இலத்தீன் வினைச்சொல்லைச் சென்றடைகிறோம். படையோடு இடம்விட்டு இடம் நகரும் மருத்துவமனைக்குப் பிரெஞ்சு மொழியில் ‘நடக்கும் மருத்துவமனை’ என்று பெயரிருந்தது. அதிலிருந்தே இச்சொல் பிறந்தது. வண்டியைக் குறிக்கத் தொடங்கியது பின்னர்தான்.

நடந்தே அப்பணியைச் செய்தவர்களை இந்திய வரலாறும் அறியும். 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது நேட்டாலில் காந்தியடிகள் இந்திய ஆம்புலன்ஸ் படை ஒன்றைத் திரட்டினார். ஏறத்தாழ 1,100 பேர் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் கப்பலேறியவர்களுள் மிகுதியானோர் சென்னை மாகாணத்தவர் என்பதை நாம் அறிவோம். அவர்கள் காயமுற்றோரைத் தூக்குக் கட்டிலில் சுமந்து நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல் வரையிலும் நடந்தனர். சில வாரங்களில் படை கலைக்கப்பட்டது. தலைவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. கூலிகளுக்கு இருந்தது பழைய தோட்டமும் பழைய ஒப்பந்தமுமே.

இந்தச் செய்தி ஊர்தியைப் பற்றிய நம் வினாவுக்கு விடை தருகிறது. அங்கே ஏலம் விட வண்டி இல்லை; அழிக்கச் சிலுவை பொறித்த கதவில்லை. தோள் மட்டுமே இருந்தது. ஆம்புலன்ஸ் என்பது அடிப்படையில் ஓர் ஊர்தியன்று, ஒரு செயல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. செயல் ஊர்தியில் ஏறும்; ஊர்தியை விட்டு இறங்கும். இறங்கிய பின் எங்கே போகும்? அது புறப்பட்ட இடத்துக்கே, மனிதரிடமே, திரும்பும்.

ஜெர்மனியில் எந்தக் காரிலும் முதலுதவிப் பெட்டி இருத்தல் வேண்டும். விபத்தில் சிக்கியவருக்கு இயன்ற உதவி செய்யாது போவது அந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். நம் நாட்டில் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் உதவ முன்வருவோரை வழக்குத் தொல்லையிலிருந்து காக்கிறது. இச்சட்டங்கள் எதுவும் ‘நீ ஓட்டுவது எவ்வகை வண்டி?’ என்று கேட்பதில்லை.

ஆகவே பழைய ஆம்புலன்சை வீடாக்கியவரிடம் நாம் கேட்க வேண்டியது அவர் ஏன் அதில் உறங்குகிறார் என்பதன்று. குறியை அழித்தாரா என்று முதலில் கேட்கலாம். பிறகு ஒன்றே ஒன்று: சாலையில்லாத அந்த நெடுவழியில் ஒருவர் விழுந்து கிடந்தால், அவருடைய வண்டி நிற்குமா?

அதே கேள்விக்கு நாமும் விடை சொல்ல வேண்டியவர்களே. நம் வண்டிகள் எவையும் ஒருநாளும் ஆம்புலன்சாக இருந்தவை அல்ல என்பது தக்க விடையாகாது.